ஈகையும் உடைமையும்

தனக்குச் சொந்தமில்லாத ஒன்றை ஒருவன் பிறருக்குக் கொடுக்கலாமா? கொடுக்கலாகாது என்று எந்த மாணவனும் தயங்காமல் விடை கூறுவான். நானும் வகுப்பறையில் அவ்வாறே கூறி வந்தவன். 2025ஆம் ஆண்டு தை மாதத்து இரவொன்றில், ரோக்கியோ நகரத்துச் சிறு கடை ஒன்றில், என் மகளின் கிண்ணத்தில் நாங்கள் காசு கொடுத்து வாங்காத ஒரு முட்டை மிதந்து வந்தது. அன்று தொடக்கம் இவ்வினாவுக்கு விடை கூற எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

ஜப்பானிய அரசாங்கத்தின் ஆசிரியர் பயிற்சிப் புலமைப்பரிசில் பெற்று ஒன்றரை ஆண்டுக் காலம் நான் அங்கே தங்கியிருந்தேன். கடைசி மாதங்களில் மனைவியும் எட்டு வயது மகளும் வந்து சேர்ந்தனர். மனைவியின் தம்பி எனக்கு முன்னரே அங்கு போனவன். ஊர்க்காணியை ஈடு வைத்துப் போய், பகலில் மொழிப் பாடசாலையிற் படித்து, இரவில் ஒரு ராமென் கடையில் வேலை செய்பவன். மாணவராய் வந்த பிறநாட்டார் அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணித்தியாலமே வேலை செய்யலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். அந்த இருபத்தெட்டுக்குள் கட்டணமும் வாடகையும் ஈட்டுக்கடனின் வட்டியும் அடங்கியாக வேண்டும். ஆகையால், அவன் இருக்கும்போது நாங்கள் ஓய்வாயில்லை. நாங்கள் ஓய்வாயிருக்கும்போது அவன் இல்லை. "மாமாவைப் பார்க்க வேண்டும்" என்று மகள் பிடித்த பிடியில், அவன் வேலை செய்யும் கடைக்கே சாப்பிடப் போவதென்று தீர்மானித்தோம்.

ராமென் கடையைக் காணாதவர்களுக்காகச் சில சொற்கள். வாசலில் ஒரு பொறி நிற்கும். அதற்குள் காசைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் சிறு ரிக்கற் விழும். அதை உள்ளே நிற்பவரிடம் கொடுத்துவிட்டு அமர வேண்டும். நாங்கள் போன கடையில் ஒன்பது முக்காலிகள் ஒரே வரிசையில் இருந்தன. முன்னால் ஒரு முழ அகலப் பலகை. பலகைக்கு அப்பால் அடுப்பு, ஆவி, வியர்வை. கோழியெலும்பை நெடுநேரம் கொதிக்க வைத்த சாற்றில், காரநீர் சேர்த்துப் பிசைந்த கோதுமை நூடில்ஸை இட்டு, வெங்காயத்தாளும் இறைச்சித் துண்டும் மேலே வைத்துத் தருவார்கள். அதை ஒலியெழ உறிஞ்சி உண்பது அங்கே குற்றமன்று. ஒலியெழுப்பாமற் சாப்பிடு என்று நான் இத்தனை காலமும் கண்டித்து வந்த மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒழுக்கம் என்று நாம் சொல்வதில் எவ்வளவு ஊருக்கு ஊர் மாறுவது என்பதை ஒரு நொடியில் அவள் கண்டுகொண்டிருக்க வேண்டும்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது, வருகிற எல்லோருக்கும் கூவுகிற அதே வரவேற்புச் சொல்லை மைத்துனன் எங்களுக்கும் கூவினான். "மாமா" என்று மகள் கூப்பிட்டாள். அவன் சிரித்தான், கையை நிறுத்தவில்லை. ஒரு முழப் பலகைக்கு இப்பால் குடும்பம். அப்பால் அதே குடும்பத்தவன் ஒருவன், கூலிக்கு.

பிள்ளையால் ஒரு கிண்ணம் முழுவதையும் உண்ண முடியாதென்றும், இரண்டு கிண்ணங்களை வாங்கி மூவரும் பகிர்ந்து கொள்ளலாமென்றும் மனைவி எண்ணியிருந்தாள். மைத்துனன் பலகைக்கு மேலாகக் குனிந்து, "அக்கா, ஆளுக்கொரு கிண்ணம் எடுக்க வேணும். சுவரிலை எழுதிக் கிடக்கு" என்றான். மனைவியின் முகம் வாடிற்று. ஒரே கோப்பையிற் பிசைந்து பிள்ளைகளின் கையிற் குழையல் உருட்டி வைக்கும் வீட்டிற் பிறந்தவள் அவள். பகிர்ந்துண்பதைத் தடை செய்யும் ஒரு சுவரொட்டி, அதுவும் உடன்பிறந்தவன் வாயால், அவளுக்கு அவமதிப்பாகப் பட்டது.

முதலில் நானும் சினந்தேன். பின்னர் கணக்குப் பார்த்தேன். ஒன்பது இருக்கைகள், ஒரு கிண்ணத்தின் விலை 950 யென், ஒருவர் உண்டெழும் நேரம் ஏறத்தாழ இருபது நிமிடம். இருக்கையை நிரப்பி ரிக்கற் வாங்காதிருப்பவரின் செலவைக் கடைக்காரர் சுமக்கிறார். இக்கடையின் முதலாளி காலையிற் சாறு ஏற்றி நள்ளிரவில் அடுப்பை அணைப்பவர். தானும் நின்றே உழைப்பவர். 2022இல் உக்ரேனில் மூண்ட யுத்தத்தின் பின் மாவும் எண்ணெயும் எரிபொருளும் விலை ஏறின. ஆனால் ராமென் கிண்ணம் ஆயிரம் யென்னைத் தாண்டினால் வாடிக்கையாளர் விலகுவர் என்ற அச்சம் அந்நாட்டுச் சிறு கடைக்காரரை நீண்ட காலம் பிடித்து வைத்திருந்தது. "ஆயிரம் யென் சுவர்" என்றே அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். எனவே அந்தச் சுவரொட்டியைக் கொடுமையென்று கூற நான் துணிய மாட்டேன். பகிர்ந்துண்பது அறந்தான், பிறர் செலவிற் பகிர்ந்துண்பது அறமாகுமா என்பது வேறு கேள்வி. மூன்று ரிக்கற் வாங்கினோம்.

இந்த உணவின் வரலாறே கூலிக்காரரின் வரலாறுதான். 1859இல் யோக்கொகாமாத் துறைமுகம் பிறநாட்டு வாணிகத்துக்குத் திறக்கப்பட்டபின் அங்கு குடியேறிய சீனர்களின் நூடில்ஸ் அது. 1910இல் ரோக்கியோவின் அசாக்குசாப் பகுதியில் 'ராய்ராய்க்கென்' என்னும் கடையைத் தொடங்கிய ஜப்பானியர், யோக்கொகாமாவின் சீனர் தெருவிலிருந்தே சமையற்காரரை அழைத்து வந்தார். அக்காலத்தில் 'ஷினா சோபா' என்று அதனை வழங்கினர். சீனரைக் குறித்த அச்சொல்லில் ஏறியிருந்த இகழ்ச்சியின் காரணமாக, யுத்தத்தின் பின் அப்பெயர் கைவிடப்பட்டது. உணவை விரும்பி உண்டு, அதைச் சமைத்தவரின் இனத்தை இகழ்ந்த காலம் அது. 1945இன் தோல்விக்குப் பின் பசித்த நகரங்களின் கறுப்புச் சந்தைகளிலும் தள்ளுவண்டிகளிலும் அமெரிக்கக் கோதுமை நூடில்ஸாக மாறி விலைப்பட்டது. (கோதுமை மாவின் அரசியல் பாணுண்டு வளர்ந்த நமக்கும் புதிதன்று.) 1958இல் உடனடி நூடில்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்த அந்தோ மொமொஃபுக்குவும் தாய்வானிற் பிறந்தவரே. வெளியிலிருந்து வந்தவர் கையால் வந்த உணவு. இன்று அந்நகரத்திற் பல கடைகளில் அது மீண்டும் வெளியிலிருந்து வந்தவர் கையிலேயே இருக்கிறது. நேபாளம், வியட்நாம், இலங்கை என்று மாத்திரம் நாடுகள் மாறியிருக்கின்றன.

முட்டைக்கு வருவோம். சோயாச் சாற்றில் ஊற வைத்த அவித்த முட்டை தனியே 150 யென். நாங்கள் அதற்கு ரிக்கற் எடுக்கவில்லை. ஆயினும் மகளின் கிண்ணத்தில் அது இரு பாதியாய்ப் பிளந்து மஞ்சட் கருவைக் காட்டிக்கொண்டு கிடந்தது. மகள் மகிழ்ந்தாள். எனக்குத் தொண்டையிற் சிக்கிற்று. முதலாளி ஒரு பாகத் தூரத்தில் நின்று நூடில்ஸை உதறிக்கொண்டிருந்தார். பாவி, களவெடுத்துவிட்டானே என்று என் மனம் சொல்லிற்று. இத்தனை ஆண்டுகள் மாணவர்களுக்கு நான் கற்பித்த நேர்மை, அன்பின் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதற் சொல் 'களவு' என்பதே. இதனை இப்பொழுது எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அது களவன்று. மறுநாள் தொலைபேசியில் மனைவி கேட்டபோது உண்மை வெளிவந்தது. இரவு வேலைக்காரருக்குக் கடையில் ஒரு வேளை உணவு உண்டு. 'மக்கனாய்' என்பது அதற்கு அவர்கள் வழங்கும் சொல். தமிழ்ச் செவிக்கு அது 'மகனாய்' என்று விழுவதால், முன்பொரு நாள் அதைக் கேட்ட என் மனைவி, முதலாளி தன் தம்பியை மகனாய்ப் பார்க்கிறார் என்று மகிழ்ந்ததுண்டு. அந்த உணவில் அவனுக்குரிய முட்டையையே மகளுக்கு வைத்திருக்கிறான். தன் கிண்ணத்தை முட்டையின்றி உண்டிருக்கிறான்.

விடயம் இத்துடன் தீர்ந்ததென்றாள் மனைவி. தீரவில்லை என்றேன் நான். அந்த முட்டை அவன் உண்பதற்கென்று தரப்பட்டது. பிறருக்குக் கொடுப்பதற்கென்று அன்று. விற்பனைக்குரிய பொருள் காசின்றி ஒரு வாடிக்கையாளரைச் சேர்ந்தது என்பதே கடையின் கணக்கு என்று வாதிட்டேன். அவள் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "மாட்டுக்கு வைக்கிற வைக்கோலைத்தான் மாடு மற்றதுக்குக் குடுக்கேலாது எண்டு சொல்லுவினம்" என்றாள். அவள் பொருளியல் படித்தவளல்லள். ஆனால் கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் உழைப்பாளியின் உணவைப் பற்றி எழுதிய இடம் எனக்கு நினைவு வந்தது. உழைப்பாளி உண்ணும் உணவை, கொதிகலனுக்கு இடும் நிலக்கரியைப்போலவும் பொறிக்கு இடும் எண்ணெயைப்போலவும் முதலாளித்துவம் கருதுகிறது என்பது அவர் கருத்து. அந்த ஒப்புமையின் முழுக் கொடுமையையும் நான் அன்றே உணர்ந்தேன். நிலக்கரியைக் கொதிகலன் பிறருக்கு ஈய முடியாது. தான் உண்பதற்கு மாத்திரம் என்று தரப்படும் உணவு தீனி. விரும்பினால் பிறர்க்கு ஈயத்தக்கதாய்த் தரப்படும்போதே அது மனிதனின் ஊதியமாகிறது. மைத்துனன் அந்த முட்டையை மருமகளுக்கு வைத்தபோது, தனக்குத் தரப்பட்டது தீனியன்று என்று வாய் திறவாமற் சொல்லிவிட்டான்.

இவ்விடத்தில் அரிஸ்டாட்டிலை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. ஆட்சியாளரிடையே உடைமை பொதுவாதல் வேண்டும் என்ற பிளேட்டோவின் கொள்கையை மறுக்கும்போது, 'அரசியல்' நூலின் இரண்டாம் பாகத்தில் அவர் காட்டும் காரணங்களுள் இதுவும் ஒன்று: நண்பருக்கும் விருந்தினருக்கும் உதவுவது பேரின்பம், தனக்கென உடைமை இருந்தாலன்றி அவ்வின்பம் இல்லை, எல்லாம் பொதுவாகிவிட்டால் ஈகை என்னும் நற்குணத்துக்கு இடமேது? பொதுவுடைமையை எதிர்ப்போர் இன்றுவரை இதனை வேறு வேறு சொற்களிற் சொல்லி வருகின்றனர். நம்மவருள்ளும் பாரியையும் பேகனையும் காட்டி, கொடுப்பதற்கு ஒருவன் உடையவனாயிருக்க வேண்டாமா என்று கேட்போர் உளர்.

இவ்வாதத்தை நாம் அவசரப்பட்டு எள்ளி நகையாடுதல் தவறு. அதில் உண்மை இருக்கிறது. அவ்வுண்மை எந்தத் திசையிற் பாய்கிறது என்பதையே அவர்கள் பார்ப்பதில்லை. கொடுப்பதற்கு உடைமை வேண்டுமென்றால், உடைமையற்றவன் ஈகைக்குத் தகுதியற்றவனாகிறான். உடைமை சிலரிடம் குவிந்து, உழைப்பைத் தவிர வேறொன்றுமில்லாதோர் பெருகிய சமுதாயம், பெரும்பான்மையோரிடமிருந்து செல்வத்தை மாத்திரமன்றி ஒரு நற்குணத்தையும் பறித்துவிடுகிறது. அப்படியாயின், அரிஸ்டாட்டிலின் வாதம் செல்வரின் உடைமைக்கு அரணாகாது. அதற்கு எதிரான குற்றப்பத்திரிகையாகும். அடிமை முறையை இயற்கையென்று ஏற்றுக்கொண்ட அவருக்கு, அடிமையும் ஈய விரும்பக்கூடும் என்ற எண்ணம் எழாமற் போனதில் வியப்பில்லை.

1989இல் ஜப்பான் முழுவதும் ஒரு கதையைப் படித்துக் கண்ணீர் வடித்தது. குரி ரியோஹெய் எழுதிய 'ஒரு கிண்ணம் காக்கே சோபா' என்பது அதன் பெயர். ராமென் அன்று, பழைய சோபா நூடில்ஸ். ஆண்டின் கடைசி இரவில் சப்போரோ நகரத்துக் கடையொன்றுக்கு ஒரு தாய் இரு சிறுவருடன் வந்து, மூவருக்குமாக ஒரு கிண்ணம் கேட்கிறாள். மூன்று கிண்ணங்களாகக் கொடுப்போமே என்கிறாள் கடைக்காரரின் மனைவி. அப்படிச் செய்தால் அவர்கள் கூச்சப்படுவர் என்று மறுக்கும் கடைக்காரர், ஒரு கிண்ணத்துக்குள் ஒன்றரைப் பங்கை யாருமறியாது இடுகிறார். ஆண்டுகள் கழித்து, பிள்ளைகள் வளர்ந்து, தாயுடன் திரும்பி வந்து மூன்று கிண்ணம் கேட்பதோடு கதை நிறைகிறது. அக்கதை நாடாளுமன்றத்திலும் வாசிக்கப்பட்டது. உண்மையில் நடந்ததென்று முதலிற் கூறப்பட்டதும், பின்னர் அதில் ஐயம் எழுந்ததும் நமக்கு முக்கியமல்ல.

நல்ல கதைதான். கொடுப்பதை மறைத்துக் கொடுத்த அந்த நயத்தை நான் குறைத்துக் கூற மாட்டேன். ஆனால் அந்த அரைப் பங்கை இட்டவர் கடையின் உடைமையாளர். அதே அடுப்படியில் ஒரு கூலிக்காரன் நின்று, அதே இரக்கத்தோடு, அதே அரைப் பங்கை இட்டிருந்தால்? கண்ணீர்க் கதை பிறந்திராது. மறுநாள் அவன் வேலைதான் போயிருக்கும். ஒரே செயல், ஒரே இதயம். ஒருவனுக்கு அது ஈகை, மற்றவனுக்குக் குற்றம். இடையில் நிற்பது உரிமைப் பத்திரம் ஒன்றே. நிலத்தின் விலையும் பங்குகளின் விலையும் வரலாறு காணாத உச்சத்திலிருந்த ஆண்டு 1989. ஒரு கிண்ணத்தைப் பகிர்ந்த ஏழைத் தாய்க்காக அழுத தேசம், அவளுக்கு ஏன் மூன்று கிண்ணம் வாங்கக் கூலி போதவில்லை என்று கேட்டதா?

கேட்கவில்லை என்பதற்குப் பின் வந்த ஆண்டுகள் சான்று. தாயோ தந்தையோ தனித்து நின்று பிள்ளை வளர்க்கும் குடும்பங்களிற் சார்பு வறுமையில் வாழ்வோர், 2021ஆம் ஆண்டு நிலைமை பற்றிய அரசாங்கக் கணக்கின்படி, 44.5 சதவீதம். அங்கே தனித்து நிற்கும் தாய்மாருள் எண்பது சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்பவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. உழைப்பின்மையால் வந்த வறுமையன்று அது. உழைத்தும் தீராத வறுமை. 2012இல் ரோக்கியோவின் ஓட்டாப் பகுதியில் மரக்கறிக் கடை நடத்திய ஒரு பெண்மணி, பாடசாலை உணவைத் தவிர ஒரு வாழைப்பழத்தையே உணவாகக் கொண்ட பிள்ளையொன்றைப் பற்றிக் கேள்விப்பட்டு, பிள்ளைகள் தனியே வந்தும் உண்ணத்தக்க மலிவான உணவுச்சாலையைத் தொடங்கினார். 'பிள்ளைகள் உணவுச்சாலை' என்ற பெயரில் அது நாடெங்கும் பரவி, 2024இல் பத்தாயிரத்தைத் தாண்டிற்று. நல்லுள்ளங்கள் பத்தாயிரம் என்று அதனைப் புகழ்வார் உளர். பசித்த பிள்ளைகள் இன்னும் அத்தனை இடங்களில் இருக்கிறார்கள் என்றும் அதே எண்ணை வாசிக்கலாம். பசிக்காமல், தனிமையின் பொருட்டு வரும் பிள்ளைகளும் அங்கு பலர் என்று அதில் ஈடுபட்டோர் கூறுவர். அதுவும் ஒரு செய்திதான்.

நம் மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் கதை இந்த முடிச்சையே தொடுகிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கைக்குக் கிடைக்கிறது. எவருக்கும் சொந்தமான நெல்லன்று; எவரையும் சுரண்டிக் குவித்ததன்று. அதைக்கொண்டு பஞ்ச காலத்தில் மதுரையிற் பசித்தோரையெல்லாம் ஊட்டுகிறான். சினந்த இந்திரன் அவனைத் தண்டித்த முறை வியப்புக்குரியது: மழை பெய்யச் செய்தான். வயல்கள் விளைந்தன. பசித்தவர் இல்லாமற் போயினர். உண்பார் உண்டோ என்று தேடி அலைந்த ஆபுத்திரனை ஊரார் இகழ்ந்தனர். கடைசியில் மணிபல்லவத்திலே தனித்து விடப்பட்டு, கிண்ணத்தைப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாது உயிர் துறந்தான். அந்த மணிபல்லவத்தை நமது நயினாதீவு என்று கொள்வோரும் உண்டு.

பல்கலைக்கழகத்தில் இப்பகுதியைப் படித்தபோது ஆபுத்திரனுக்காக இரங்கினேன். இன்று மழை பெய்த பாண்டி நாட்டுக்காக மகிழத் தோன்றுகிறது. ஒருவன் அருளாளனாய் வாழ ஓர் ஊர் பசித்துக் கிடக்க வேண்டுமென்றால், அந்த அருள் நமக்கு வேண்டாம். ஆனால் அரிஸ்டாட்டில் இங்கே குறுக்கிடுவார்: பார்த்தீரா, எல்லோர்க்கும் நிறைந்த நாட்டில் ஈகைக்கு இடமில்லையே என்பார். இடமில்லாமற் போவது எந்த ஈகைக்கு? என் மகள் அன்று பசித்திருக்கவில்லை. அவளுக்கென்று ஒரு கிண்ணம் முன்னால் இருந்தது. அதையே அவளால் முடிக்க இயலவில்லை. அவள் மாமன் அவளுடைய குறையை நிரப்பவில்லை. பலகைக்கு அப்பால் நின்றவன், தானும் இந்தக் குடும்பத்தவன் என்பதை ஒரு முட்டையால் எழுதிக் காட்டினான். பசித்தவனுக்குப் பிச்சை இடுவது மழையோடு மறையும். அன்பினாற் கொடுப்பது மழைக்குப் பின்னும் இருக்கும். முன்னதற்கு ஓர் ஏழை வேண்டும். பின்னதற்கு ஏழை வேண்டியதில்லை. கொடுப்பவன் கையில் அவனுக்கென்று ஏதாவது இருந்தாற் போதும். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் வழங்குவதாலேயே இத்தனை குழப்பமும்.

2024 அக்டோபர் முதல் ரோக்கியோவில் குறைந்தபட்சக் கூலி அப்போது மணிக்கு 1163 யென்னாக இருந்தது. ஒரு கிண்ணமும் ஒரு முட்டையும் சேர்ந்தால் 1100 யென். ஒரு மணித்தியாலம் நின்று உழைத்தால், தான் பரிமாறும் உணவில் ஒன்றைத் தன் மருமகளுக்கு அவன் வாங்கிக் கொடுக்கலாம். மூவருக்கும் என்றால் மூன்று மணித்தியாலம். அவனுடைய இருபத்தெட்டில் மூன்று. அப்படி வாங்கித் தர அவன் விரும்பியிருப்பான் என்பது எனக்குத் தெரியும். ஊரில் வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பியறியாத தாயின் மகன் அவன். ரிக்கற் பொறிக்குள் நான் காசு போட்டபோது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் கவனித்தேன். அப்பொழுது அதற்குப் பொருள் விளங்கவில்லை.

கடை முதலாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் அந்த முட்டையைக் கண்டிருக்கிறார். அன்றிரவு ஒன்றும் பேசவில்லை. அடுத்த வேலை நாள் தொடக்கம், வேலைக்காரரின் கிண்ணங்களில் முட்டையைத் தம் கையாலேயே இரண்டாய்ப் பிளந்து வைத்துத் தரலானார். முன்பு அவர்களே எடுத்துக்கொள்வது வழக்கம். பங்குனியில் நாங்கள் ஊர் திரும்ப விமான நிலையத்துக்குப் புறப்பட்ட காலையில், மைத்துனன் தூக்கம் கலையாத கண்களோடு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். அப்பொழுது இதைச் சொன்னான்.

"பிறகு அவர் ஏதும் சொன்னவரோ?" என்று கேட்டேன்.

"இல்லை அத்தான். அவர் அப்பிடி வெட்டி வைக்கிறது எங்களுக்குத் தாறதோ, எங்களைக் கணக்கெடுக்கிறதோ எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை" என்றான்.